ஐந்தாவது மாற்றம்

அக்காவின் முகத்தை அம்மா கடைசியாகப் பார்த்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். அதைக் கெடுத்தவள் நான்.

அக்கா அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாள். இரண்டாம் வருடம், பனி விழுந்த சாலையில் கார் விபத்து. மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானுக்கு வந்து சேர்ந்த சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதன் மூடியைத்தான் தடவிக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து அக்காவின் அறைத்தோழி ஒரு டிவிடி அனுப்பினாள். அவர்கள் ஊரில் எடுத்த ஏதோ ஒரு படம். அதில் ஒரு பஸ் நிறுத்தத்தில், கூட்டத்தோடு கூட்டமாக, கழுத்தில் மஞ்சள் கம்பளித் துண்டோடு அக்கா நிற்பாள், திரும்பிச் சிரிப்பாள். மொத்தம் எட்டு விநாடி.

வீட்டில் டிவிடி ஓடக்கூடியது என் படிப்பைச் சாக்கு வைத்து வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும்தான். அதுவோ இந்தப் படத்தை ஓட்ட மாட்டேன் என்றது. அப்பா அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் கூடவே போனோம்.

"உலகத்தையே கூறு போட்டு வச்சிருக்கான் அங்கிள்," என்றார் கடைக்கார அண்ணன். "அமெரிக்கா ஒண்ணாம் நம்பர், நம்ம ஊரு மூணு. அந்த டிவிடி இங்க ஓடாது லா. செட்டிங்ல மாத்திக்கலாம். ஆனா மொத்தமே அஞ்சு வாட்டிதான். அப்புறம் எதுல நிக்குதோ அதுலயே லோக் ஆயிடும்."

அவர் ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்ற திருட்டு டிவிடிகளுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. முறையாக விலை கொடுத்து வாங்கியதற்குத்தான் இத்தனை சட்டம்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் சாமி விளக்கேற்றிய கையோடு அம்மா கம்ப்யூட்டர் முன் உட்காருவார். எட்டு விநாடி பார்ப்பார். பின்னால் இழுத்து மறுபடியும் பார்ப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளித்தோழி ஒருத்தி கார்ட்டூன் டிவிடி இரவல் கொடுத்தாள். அசல், மூன்றாம் நம்பர். மூன்றுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, சமர்த்தாக ஒன்றுக்கே திருப்பி வைத்தேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று கொடுத்தாள். விரல் விட்டு எண்ணினேன். அக்காவுக்காக ஒன்று, போன வாரம் இரண்டு, இப்போது மாற்றினால் நான்கு, திருப்பி வைத்தால் ஐந்து. கணக்கு சரியாக வந்தது. கம்ப்யூட்டர் ஏதோ எச்சரித்தது, படிக்காமலே அழுத்தினேன். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கடையில் மூன்று என்று வைத்துக் கொடுத்தார்களே, அதுவும் ஒரு முறைதான் என்பது எனக்குத் தெரியாது.

படம் முடிந்து ஒன்றுக்குத் திருப்பப் பார்த்தால் முடியவில்லை. பயத்தில் கார்ட்டூனை உள்ளேயே விட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடினேன். அன்று வெள்ளிக்கிழமை.

திரும்பி வந்தபோது அம்மா கம்ப்யூட்டர் முன் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"போன வாரம் நல்லாத்தானே ஓடுச்சு. நாளைக்குக் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். என்னா ஆச்சுன்னு அவன் பாத்துச் சொல்லிடுவான்."

நான் டியூஷன் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

"வேணாங்க," என்றார் அம்மா. "பாத்தது போதும்."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா எழுந்து, அக்காவின் டிவிடியை அவள் துணிகள் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தப்பித்தேன் என்றிருந்தது. கூடவே அம்மாவின் மேல் கோபமும் வந்தது. இவ்வளவு சீக்கிரம் அக்காவைப் பார்த்தது போதுமென்று ஆகிவிட்டதா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிப் பையைத் திறந்தேன். புத்தகங்களுக்கு நடுவில் அந்தக் கார்ட்டூன் டிவிடி இருந்தது, சுத்தமாகத் துடைத்து, உறைக்குள் போட்டு. நல்ல வேளை, மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறேனே என்று என்னையே மெச்சிக்கொண்டு தோழியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அம்மா கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எதை விட்டுக்கொடுத்தார், யாருக்காக விட்டுக்கொடுத்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.