'ம்' கொட்ட ஓர் ஆள்

போன வாரம் வகுப்பு முடிந்ததும் பவித்ரா தயங்கித் தயங்கி என் மேஜை அருகே வந்து நின்றாள். எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு.

"எங்க அத்தை வேணான்ட்டாங்க மேடம். வெளிய வுடாதன்றாங்க."



விஷயம் இதுதான். கள்ளக்குறிச்சியில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில், மாணவர்களின் ஆய்வுகளை பாட்காஸ்ட் ஆக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. ஆய்வேட்டை எத்தனை பேர் படிக்கிறார்கள்? எழுதியவர், திருத்தியவர்... அப்புறம் அலமாரி. காதில் விழுகிற மாதிரி செய்தால் பஸ்ஸில் போகிறவர்கூடக் கேட்பார் இல்லையா? எனக்கும் இதில் பெரிய அனுபவமெல்லாம் கிடையாது. மகள் பிளே ஸ்கூலில் இருக்கும் நேரத்தில் ஆன்லைனில் கற்றுக்கொண்டதுதான்.

கல்வராயன் மலையிலிருந்து குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் — இது பவித்ராவின் ஆய்வு. சொந்த அத்தை சின்னப்பொண்ணுவிடமே பேட்டி எடுத்திருந்தாள். கைக்குழந்தையை அண்ணியிடம், அதாவது பவித்ராவின் அம்மாவிடம், விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குப் போனவர் அந்த அத்தை. சீசன் முடிந்து திரும்பினால் பிள்ளை அண்ணியை 'அம்மா' என்கிறது. இவரைப் பார்த்து அழுகிறது. அத்தை அதைச் சொல்லச் சொல்ல, எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்டியவர் அதே அண்ணிதான்.

எங்கள் பக்கம் யார் எதைச் சொன்னாலும் எதிரே ஒருவர் 'ம்' கொட்டவேண்டும். இல்லாவிட்டால் பேச்சு நகராது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டது நான்தான்: பதிவில் விழுந்த இருமல், சேவல் சத்தம், 'அ...', 'ம்...' எல்லாவற்றையும் வெட்டவும். இடைவெளியையும்.

பவித்ரா சொன்ன பேச்சு கேட்கிற பெண். ஒரு 'ம்' விடாமல் வெட்டிவிட்டாள். போனில் இடமில்லை என்று முதல் பதிவையும் அழித்துவிட்டாள். வெட்டியதை அத்தைக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். கடைசிவரை கேட்டுவிட்டு அத்தை சொன்னாராம்:

"புள்ளய வுட்டுட்டுப் போனேன்னு நான் பாட்டுக்கு சொல்லிக்கினே இருக்கேன். எதிர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்குதுடி."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணியின் 'ம்' வெறும் சத்தமா? அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் சொன்ன 'ம்' அல்லவா?

வெட்டிய பதிவை ஓடவிட்டு, அம்மாவை மறுபடி 'ம்' சொல்லவைக்கும்படி பவித்ராவிடம் சொன்னேன். எங்கே சொல்வது, இடமே இல்லையே என்று அவர் கைவிரித்துவிட்டார். இனி அத்தை மறுபடி சொன்னால்தான் உண்டு. அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வெட்டச் சொன்னவங்களே வந்து 'ம்' கொட்டட்டும்.

போவதா, வேண்டாமா? எதையும் ஒரே தடவையில் முடிவு செய்கிற ஆள் நான் இல்லை என்பது வாராவாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். மகளுக்கு லேசாகச் சளி வேறு. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்விட்டு வா என்றார் மாமியார். அவர் அப்படிச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்... ஞாயிற்றுக்கிழமை பவித்ராவோடு அத்தை ஊருக்கு, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

'ம்' கொட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் சரியாகப் பதிகிறதா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நானும் கொட்டினேன். பக்கத்தில் இருந்த அண்ணி சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சரு, அதுக்குள்ள 'ம்'மா? அவ இன்னும் பஸ்ஸே ஏறல."

ஹெட்போனைக் கழற்றினேன். அதன்பிறகு கொஞ்சம் ஒழுங்காக வந்தது. ஆனால் பிள்ளை அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட இடம் வந்தபோது எனக்கு என் மகள் ஞாபகம் வந்துவிட்டது. 'ம்' வரவில்லை. அத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணு."

"இப்ப எங்க?"

மாமியாரிடம் விட்டு வந்திருப்பதைச் சொன்னேன். சளி என்பதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ.

"ம்," என்றார் அத்தை.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தார். இதை வெளியே விடலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். பவித்ராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்குத்தான் குழப்பம். அந்த 'ம்' ஆறுதலா? 'நீயுமா?' என்கிற கேள்வியா? இல்லை, காதில் விழுந்தது என்பது மட்டும்தானா? மலை இறங்கும்வரை யோசித்தும் பிடிபடவில்லை. நீங்கள் பேசின இடத்தை மட்டும் வெட்டிவிடவா மேடம் என்று பவித்ரா கேட்டாள்.

வேண்டாம் என்றேன். கேட்கிறவர்களில் யாருக்காவது புரிந்தால், எனக்கும் சொல்லட்டும்.