முன்சீட்டில் ஈரம்

என் காருக்கு இப்போது பதினாறு வயது. நான் வாங்கும்போதே அதற்குப் பதினொன்று. பெரம்பலூரில் வீடு, அரியலூரில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளி. காலையில் போய் மாலையில் திரும்ப அந்த வண்டி போதுமானதாக இருந்தது. அம்மா இறந்த பிறகு அப்பாவும் கூட வர ஆரம்பித்தார். வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, முன்சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி வூட்டுல எறக்கி வுட்டுடு. சாயந்திரம் ஏத்திக்க" என்றார்.

அத்தை வீடு அரியலூரில், பள்ளிக்குப் போகும் வழியில்தான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அப்பா எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எடை முள் காட்டியதைத் தவிர வேறு எதையும் சொல்லிப் பழகாதவர். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் கார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. இன்ஜினைச் சூடாகாமல் வைத்திருக்கும் பச்சைத் தண்ணீர், அதாவது கூலன்ட், பானட்டுக்குள் ஒரு வெள்ளை டப்பாவில் இருக்கும். டப்பாவில் இரண்டு கோடுகள். அது இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை பார்த்தபோது கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஊற்றினேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கீழே. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. இரண்டு நாள் வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். தாள் காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் அதில் ஒரு பூனை படுத்திருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பெரம்பலூரில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மூடி சரியில்லை என்றால் ஆவியாகப் போய்விடும் என்றார். மாற்றிய பிறகும் போனது. ரப்பர் குழாய்களுக்கெல்லாம் புதுக் கிளிப் போட்டார். அதற்குப் பிறகும் போனது. மூன்றாவது முறை கைகளைத் துடைத்துக்கொண்டு, "வெளிய எங்கயும் ஒழுகல மேடம். அப்ப உள்ளதான் போவுது" என்றார். உள்ளே என்றால் இன்ஜினுக்குள். தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், இன்ஜினைக் கழற்ற வேண்டும்.

"கழட்டுனா தெரிஞ்சிருமா?"

"கழட்டுனா எதாவது ஒண்ணு தெரியும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு கேன் கூலன்ட் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில்தான் அப்பாவின் கால் பிரச்சினையும் ஆரம்பித்தது.

"கால் ஈரமா இருக்கும்மா" என்றார் ஒரு காலையில், வண்டி போய்க்கொண்டிருக்கும்போது. மழை ஏதும் பெய்திருக்கவில்லை. வண்டியை ஓரம்கட்டி, குனிந்து அவர் காலடியில் இருந்த ரப்பர் மேட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஒண்ணும் இல்லையேப்பா."

"இருக்கு" என்றார்.

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் நரம்பு கெட்டுப்போனால் எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். ஈரம் போல் இருப்பதும் அதில் ஒரு வகை என்று எடுத்துக்கொண்டேன். பெரம்பலூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், வைட்டமின் மாத்திரை கொடுத்தார், தினமும் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார். நான் தினமும் மாலையில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். பாதம் காய்ந்திருந்தது. ஆனால் லேசாகப் பிசுபிசுத்தது. செல்போனில் "பிசுபிசுப்பான வியர்வை" என்று தேடிப் பார்த்தேன். வந்ததையெல்லாம் படித்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கார்த்திகையில் அப்பா இன்னொன்றும் சொன்னார். "வண்டியில பாகு வாசன வருது."

எனக்கு வரவில்லை. அத்தையிடம் சொன்னேன். "பாவம், இனிப்பே கண்ணுல காட்ட மாட்டேங்குறீங்கல்ல. அதான் அண்ணனுக்கு எங்க போனாலும் இனிப்பு வாசனயா இருக்கு" என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கால் தம்ளர் பாயசம் கொடுத்தேன். குடித்தார். திங்கட்கிழமை வண்டியில் ஏறியதும், "இன்னும் வருது" என்றார்.

அதே நாட்களில் முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய் தடவியது போல மங்கலாகப் படிந்தது. அரியலூர் சாலையில் நாள் முழுக்கச் சிமெண்ட் லாரி ஓடுவதால் தூசிதான் என்று நினைத்து, தினமும் துணியால் துடைத்தேன்.

பிறகு அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பார்த்தேன், பஸ்ஸில் உட்காருவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அது வேறு எனக்குக் கவலையாகப் போயிற்று. திருச்சியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் பதினைந்து நாள் காத்திருந்து நேரம் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு.

காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டோம். பாடாலூரை நெருங்கும்போது சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தேன். பானட் இடுக்கில் ஆவி வந்தது. அப்பா இறங்கி, சற்றுத் தள்ளி ஒரு புளிய மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

நல்ல வேளையாக நூறடியில் ஒரு பட்டறை இருந்தது. அங்கிருந்த மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பது. வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை.

"சூடு ஆறட்டும் மேடம். இப்ப தொறந்தா மூஞ்சில அடிச்சிரும். டீ குடிச்சிட்டு வாங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு அவர் ரேடியேட்டர் வாயில் சைக்கிள் பம்பு போன்ற ஒரு கருவியை மாட்டிக் காற்று அடித்தார். அதில் ஒரு மீட்டர் இருந்தது. முள் ஏறி நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது. எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். டார்ச் வைத்து வண்டியின் மேலும் கீழும் பார்த்தார். ஒழுகவில்லை. இன்ஜின் ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தடவினார்.

"கேஸ்கட்டு போயிருந்தா ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது சுத்தமா இருக்கு." முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தார். "கண்ணாடி உள்பக்கம் மங்குதா?"

"சிமெண்ட் தூசி" என்றேன்.

"முன்னாடி சீட்டுல கால்கிட்ட ஈரம் கீரம் இருக்கா?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா மரத்தடியிலிருந்து நடந்து வந்தார்.

மெக்கானிக் ரப்பர் மேட்டை எடுத்து வெளியே போட்டார். மேட் முடிந்து, கார்பெட் இன்ஜின் பக்கமாக மேலே சரியும் இடத்தில், அப்பா வழக்கமாகக் காலை நீட்டி வைக்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கு இடையில் பச்சையாகத் தண்ணீர் வந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏசி தண்ணின்னா பிசுபிசுப்பு இருக்காது. இது பிசுபிசுங்குது. கூலன்ட்தான்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "எத்தன நாளா ஈரம் ஐயா?"

"தீவாளிக்கு முன்னாடியிலேருந்து."

"வூட்டுல சொல்லலையா?"

"சொன்னேன். அதுக்குத்தான் திருச்சிக்கு டாக்டர்ட்ட போயிட்டிருக்கோம்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அப்பாவைக் காலைக் கழுவச் சொல்லி ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார். "வாசன இனிப்பா இருக்கும், நாக்குல வெச்சிராதீங்க. விஷம்."

"மோந்து மட்டுந்தான் பாத்தேன்" என்றார் அப்பா.

விஷயம் இதுதான். இன்ஜினில் சூடாகும் தண்ணீரில் கொஞ்சம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போகும். குளிருக்கு ஹீட்டர் போட்டால் அந்தச் சூடுதான் வண்டிக்குள் வரும். அது ஓட்டையாகிவிட்டது. வெளியே ஒழுகாமல் கார்பெட்டுக்குள் ஒழுகியிருக்கிறது, அதன் ஆவிதான் கண்ணாடியில் படிந்திருக்கிறது. புதிதாகப் போட வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும்.

"ஹீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டார்.

ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறை போட்டிருக்கிறேன். சித்திரை மாதம், தவறுதலாக.

"அப்ப அது வேண்டாம்" என்று அவரே முடிவு செய்தார். உள்ளே போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் இன்ஜின் பக்கமே கழற்றி, வளைந்த ஒரு ரப்பர் குழாயால் ஒன்றாக இணைத்தார். தண்ணீர் இனி உள்ளே வராது. புதுக் கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அடைபட்ட காற்றையெல்லாம் வெளியேற்றி, மறுபடியும் அந்தக் கருவியை மாட்டினார். முள் ஏறியது. நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாதான் நெருங்கி நின்று பார்த்தார்.

"நிக்குது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "நேரம் வாங்கியாச்சுல்ல. போயிட்டு வந்துருவோம்" என்றார்.

திருச்சி டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் போன்ற ஒன்றால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடும்போதெல்லாம் அப்பா "ம்" என்றார். ஒன்றைக்கூட விடவில்லை.

"உணர்ச்சி நல்லாருக்கே. இப்ப ஈரமா தெரியுதா?"

"இப்ப இல்ல. பாடாலூர்ல சரியாயிருச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பாடாலூர்ல யாரப் பாத்தீங்க?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சர்க்கரை மாத்திரை மட்டும் தொடரச் சொன்னார்.

திரும்பும் வழியில் சமயபுரம் தாண்டினோம். பிறகு, "நீங்க சொன்னத நான் கேக்கலப்பா" என்றேன்.

"கேக்காம எங்க? டாக்டர்ட்டல்லாம் கூட்டிட்டுப் போனியே" என்றார். என்னைக் குத்திக் காட்டுகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, அவர் நினைப்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை வெளியே எடுத்தோம். அடியில் இருந்த பஞ்சு ஊறி, இரண்டு பேர் தூக்கும் கனமாக இருந்தது. மாடியில் போட்டு மூன்று முறை சோப்புத் தண்ணீரில் அலசி, கைப்பிடிச் சுவரில் காயப்போட்டோம். மார்கழி வெயிலில் அது காய ஆறு நாள் ஆயிற்று. அதுவரை முன்சீட்டின் கீழே வெறும் தகரம்தான். அப்பா அதன் மேல் ஒரு அட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்வந்தார்.