தையல் பிரித்த பார்சல்

மூன்று வருடங்களுக்கு முன், காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியில் நடந்தது இது. துபாயில் இருக்கும் என் மகள் அப்போது மாசமாக இருந்தாள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கேதான் டிரைவர் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து அவர் கிளம்பும் நாளில், வழக்கம்போல் நானும் ஒரு பார்சலோடு போய் நின்றேன். எங்கள் பக்கம் ஒருவர் விமானம் ஏறினால், அவர் பெட்டியில் பாதி ஊராருடையதுதான்.

வழியில் பிரியக் கூடாதென்று துணியில் வைத்து நெருக்கித் தைத்திருந்தேன். அவரோ கத்தரிக்கோலை எடுத்து, காருக்குப் பக்கத்தில் நின்ற சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் தையலைப் பிரித்தார். உள்ளே இருந்த கசகசா பாக்கெட்டை மட்டும் எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அந்த நாட்டில் அது போதைப்பொருளில் சேர்த்தியாம். பாயசத்துக்குப் போடுகிற சாமான் போதைப்பொருளா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நம்பிக் கொடுத்ததைத் திருட்டுச் சாமான் மாதிரி சோதிக்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன்.

"உங்க மேல சந்தேகம் இல்லக்கா. அங்க என் பெட்டியில இருந்தா அது என்னோடதுதான். அக்கா குடுத்தாங்கன்னு சொன்னா யாரு கேப்பா?" என்றார். மீதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்று மணி நேரம் கழித்து மகள் போனில் கிடைத்ததும் அவளிடம் பொரிந்து தள்ளினேன். எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், அவர் செய்ததுதான் சரி, மாட்டினால் ஜெயில் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே பார்சலில் இருந்த குருமாப் பொடி! பொட்டுக்கடலை, சோம்போடு ஒரு கை கசகசாவையும் வறுத்து நானே அரைத்து வைத்தது. அது அவர் பெட்டியில் போய்க்கொண்டிருந்தது.

சொன்னால் தெருவே சிரிக்கும் என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஓடிப்போய் அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் உடனே போனைப் போட்டுக் கொடுத்தது. இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். தஞ்சாவூரைத் தாண்டிவிட்டாராம்.

"பொடியிலயும் இருக்கு தம்பி. டப்பாவோட தூக்கிப் போட்டுடுங்க."

காரை ஓரங்கட்டி, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "நல்லவேளை சொன்னீங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

போன வருடம் பேரனைப் பார்க்க நானே துபாய் கிளம்பினேன். ஊரார் கொண்டுவந்த பொட்டலம் ஒவ்வொன்றையும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்தேன். என்ன பொடி என்று தெரியாததைத் தொடவே இல்லை. இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார்கள். போகட்டும். நான் வருத்தப்படுவேனே என்று அன்று அவர் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்திருந்தால், என் கையால் வறுத்த கசகசா அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்ற நினைப்பு, குருமாவுக்கு அரைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.