நாற்பத்தைந்தாம் நாள் பூட்டிய கதவு

என்னை வேலையிலிருந்து நீக்கியபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கியூபெக் மாகாணத்தின் சென்ட் லோரன்டில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ட்ரக்குகளை அனுப்பும் மேசை என்னுடையது. சட்டப்படி எடுக்க வேண்டிய ஓய்வை எடுக்காத ஓட்டுநரைப் பக்கத்து மாகாணத்து ரொறன்ரோவுக்கு அனுப்பச் சொன்னார் மனேஜர். மாட்டேன் என்றேன். அடுத்த நாள் ஒரு கடிதத்தைக் கையில் தந்து வாசலைக் காட்டினார்கள்.

இரண்டு வாரத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனார். பக்கத்து நகரமான புரோசார்டில் இருக்கும் அண்ணை தொலைபேசியில் சொன்னார்: "அந்தியேட்டி முடியுமட்டும் கோடு கச்சேரி எண்டு ஒண்டும் தொடங்காதை. துடக்கெல்லோ."

எனக்கு அந்தத் தீட்டில் பெரிய நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு இருந்தது. அந்தியேட்டிக் கிரியை வரை முப்பத்தொரு நாளும் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. கிரியை முடிந்த மூன்றாம் நாள்தான் மத்திய அரசின் தொழிலாளர் வாரியத்துக்கு முறைப்பாட்டை அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்து நிறுவனத்தின் சட்டத்தரணி ஒரு கடிதம் போட்டார். அத்தனை கனிவு அதில். என் வழக்குத் தவறான இடத்தில் நிற்கிறதாம். நான் கியூபெக்குக்குள் இருந்து வேலை செய்தவளாம், ஆகவே அது மாகாணத்துக்கே உரியதாம். இங்கே மீளப் பெற்று அங்கே போட்டால் எல்லாருக்கும் சுகமாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

அண்ணைக்கு அந்தக் கடிதம் பிடித்துவிட்டது. "அவங்களே வழி சொல்லுறாங்கள். மாத்திப் போடன்," என்றார்.

"அண்ணை, மாகாணத்தில எண்டால் வேலையால நீக்கி நாற்பத்தைஞ்சு நாளுக்குள்ள போட்டிருக்க வேணும். இங்கதான் தொண்ணூறு. நான் போடேக்க நாற்பத்தைஞ்சு கடந்திட்டுது. இப்ப அங்க போனால் கதவு பூட்டு."

அவர் நாட்களை வாய்விட்டு எண்ணினார். பிறகு, "நான்தானே பொறுக்கச் சொன்னனான்," என்றார்.

"ஓம். நீங்கள் சொன்னது அம்மாவுக்காக. அதை வைச்சு அவங்கள் என்னை விழுத்த விடமாட்டன்."

மாகாண எல்லையைத் தாண்டி வழமையாகச் சரக்கு ஏற்றும் நிறுவனம் மத்திய சட்டத்துக்குள் வரும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நிறுவனம் செய்யும் தொழில்தான் தீர்மானிக்கும். தங்களுக்கு வாய்ப்பான கதவைப் பார்த்து அவர்கள் என்னைத் தள்ள முடியாது. இதை நான் இரவல் வாங்கிய சட்டப் புத்தகத்தில் படித்தேன், கோபத்தோடு படித்ததால் நன்றாக மனதில் நின்றது.

விசாரணையில் சட்டத்தரணி, இவர் செய்தது உள்ளூர் வேலை என்று அரை மணி நேரம் பேசினார். என் முறை வந்தது. என் பிரெஞ்சு யாழ்ப்பாணத்து நாக்கில் வரும் பிரெஞ்சு. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. என்னை நீக்கிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். குற்றம்: ரொறன்ரோ ஓட்டத்தை அனுப்ப மறுத்தது.

"கிழமையில் ஐந்து நாளும் ரொறன்ரோவுக்கு ட்ரக் அனுப்பியவள் நான். அனுப்பாத ஒரு நாளுக்காகத்தான் என்னை நீக்கினார்கள்," என்றேன். "நீக்கும்போது ரொறன்ரோ ஒன்ராறியோவில் இருந்தது. இப்போது எப்படிக் கியூபெக்குக்குள் வந்தது?"



வழக்கு மத்திய வாரியத்திலேயே நடக்கும் என்று முடிவு வந்தது. பிறகு வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவும் வந்தது. நான் மேசைக்குத் திரும்பிய முதல் கிழமையே மனேஜர் ஒரு ஓட்டுநரின் பெயரை நீட்டினார், ரொறன்ரோவுக்கு. நேரத்தைப் பார்த்தேன். அந்த ஓட்டுநருக்கு இன்னும் இரண்டு மணி நேர ஓய்வு பாக்கி இருந்தது.

"மாட்டேன்," என்றேன்.