படியில் உட்காரக் கூடாது

ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்தபடி நிற்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில் ஒன்றில் நான் ஆறு வருடம் துப்புரவு சூப்பர்வைசராக இருந்தேன். எந்தக் கட்டடம் என்று சொல்லப் போவதில்லை. உயரமான வெள்ளைத் தூண்கள், எதிரே பெரிய திடல். கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருவார்கள். நாங்கள் குத்தகை கம்பெனி ஆட்கள். எனக்குக் கீழே ஐந்து பெண்கள். எல்லோரும் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து காலையில் ஃபெர்ரி ஏறி வருகிறவர்கள். நானும் அதே ஃபெர்ரிதான்.

மதியம் சாப்பிட எங்களுக்கு அறை கிடையாது. கட்டடத்தைப் புதுப்பித்தபோது கண்காட்சிக்கு ஓர் அறை, விருந்தினர் காத்திருக்க ஓர் அறை, நினைவுப் பொருள் விற்க ஓர் அறை என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். இதையெல்லாம் கூட்டித் துடைக்கிறவர்களுக்கும் பசிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் பக்கவாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தூண் நிழல் விழும், காற்று வரும். ஐந்து பேரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். நான் சமைக்க நேரமில்லாமல் ரொட்டியோடு வருகிற நாட்களில், தன் டப்பாவின் மூடியில் சோறும் நெத்திலிப் பிரட்டலும் எடுத்து வைத்து என் பக்கம் தள்ளுவார். வேண்டாமென்றால் கேட்க மாட்டார்.

ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த யாரோ எங்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஐந்து பெண்கள், ஐந்து டப்பாக்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியிருந்தாள். இவ்வளவு அழகான கட்டடத்துக்கு வந்து இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் நான் இல்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

கட்டடப் பொறுப்பாளர் என்னை மேலே அழைத்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். உட்காரச் சொன்னார். படிக்கட்டு பொது இடம்தான், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் சீருடையோடு உட்கார வேண்டாம் என்றார். அப்படியென்றால் எங்கே சாப்பிடுவது என்று கேட்டேன். திடலில் பெஞ்சு இருக்கிறதே என்றார். மழை பெய்தால் என்று கேட்டதற்கு, யோசிக்கிறேன் என்றார். எங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்தபோது அவர்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். முடியட்டும் என்று காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் சொல்லத் தைரியம் வராது என்று தோன்றியது.

"இனிமே இங்க உக்கார வேணாம்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?" என்றார் அக்கா.

"மேல."

"நீ என்னா சொன்னே?"

நான் தூண் பக்கம் திரும்பினேன். அவர் டப்பாவை மூடினார். விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரிங்க மேடம்," என்றார்.

மற்றவர்கள் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அது கேலியில்லை. அதன் பிறகு அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நாள் திடல் பெஞ்சில் சாப்பிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு மழை தொடங்கியது. ஒரு மதியம் துடைப்பம் எடுக்கப் போனபோது, கட்டடத்தின் பின்பக்கம் பெண்கள் கழிவறையை ஒட்டிய சாமான் அறைக்குள் ஐந்து பேரும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குளோரின் நெடியில் கண் எரிந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து பின்தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டடத்தில் ஒரு தேநீர் விருந்து ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னால் எல்லா அறைகளையும் சோதித்தார்கள். சாமான் அறையில் எறும்பு மொய்த்த பொட்டலக் காகிதம் கிடந்தது. யாருடையது என்று கேட்டபோது, தன்னுடையது என்றார் அக்கா. அது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் காகிதத்தில் பொட்டலம் கட்டி வந்து நான் பார்த்ததே இல்லை.

எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்லி கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நான்தான் எழுதினேன். மலாய் மொழியில் நான்கு வரி. சுகாதாரம், ஒழுங்கு, கட்டடத்தின் நற்பெயர். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கடைசிவரை படித்தார். கையெழுத்துப் போட்டார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விருந்தன்று அவர் வேலைக்கு வரவில்லை. மண்டபத்தில் புழுக்கம். விருந்தினர்கள் தட்டுகளோடு வெளியே வந்து அதே பக்கவாட்டுப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொறுப்பாளரும் அவர்களோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆள் குறைவாக இருந்ததால், அவர்கள் போன பிறகு கேக் துணுக்குகளை நான்தான் கூட்டினேன். கூட்டும்போது யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தேன். பொறுப்பாளர்மேல் வந்த கோபம் நிலைக்கவில்லை. என்மேல் வந்ததுதான் நிலைத்தது.

அந்த மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். மற்ற நால்வரும் இருந்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. சாப்பாட்டு அறை வரவில்லை.

போன வருடம், நானும் அந்த வேலையை விட்ட பிறகு, பட்டர்வொர்த் பாசாரில் காய்கறிக் கடை முன்னால் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலையாம். அங்கே உட்கார்ந்து சாப்பிட நாற்காலி இருக்கிறது என்றார். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். வாயில் வந்தபோது மெலிந்து போயிருந்தன.

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நீ எழுதலன்னா வேற யாராச்சும் எழுதியிருப்பாங்க லா. அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா எழுதுனது நீதானே."

பிறகு வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்க்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை.