படம் மாற்றியவர்

அக்கா கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போனது நான் மட்டும்தான். அவருடைய இரண்டாவது பெட்டி தரையில் இருக்கும்போதே ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். அக்கா ஒரு குரல் கொடுத்தார். நிலையமே திரும்பிப் பார்த்தது. வண்டி நின்றது.

"என்னக்கா, இந்தத் தொண்டையை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"எங்க ஊர் மீன் சந்தையில பதினொரு வருஷம் ஏலம் கூவினவ நான். உங்கள்ல யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

வெளிநாடு ஒன்றில், எட்டு நாட்டுக்காரர்கள் ஒன்றாக அந்த ஊர் மொழி படித்த வகுப்பில்தான் நாங்கள் பழகினோம். என் பாஷையில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் 'அக்கா'. அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் நாட்டுப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள் என்று எங்கள் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. எங்களோடு படித்த தச்சர் ஒருவரின் நாட்டில் நேரம் தவற மாட்டார்களாம். அதனால் நேரம் பார்க்கும் பொறுப்பு அவருக்கு; தினமும் கடைசியாக வருபவரும் அவர்தான். என் ஊர்க்காரர்களுக்கு வாய் ஓயாதாம். தேர்வுக்கான குழு உரையின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள், நான் வேலை பிரித்தேன்.

"நானும் ரெண்டு நிமிஷம் பேசட்டுமா?" என்றார் அக்கா. புது மொழியில் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் எதையும் மெதுவாகத்தான் கேட்பார்.

"நீங்க பேசினா முன் பெஞ்சுக்கே கேக்காதேக்கா! திரையில படத்தை மாத்துங்க, போதும்."

தச்சர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். சரி, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேச்சுக்குத்தான் மதிப்பெண், படம் மாற்றுவதற்கு இல்லை. எனக்கு வகுப்பில் முதலிடம், அக்காவுக்குப் பூஜ்யம். தேறாதவர்களுக்குத் தங்கும் அனுமதியை நீட்டிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதே விதிதான். அக்கா பேசக் கேட்டும் நான்தான் விடவில்லை என்று ஆசிரியையிடம் சொன்னால் என் மதிப்பெண்ணிலும் கை வைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு மூன்று நாடு, ஏழு வாடகை அறை. "உங்க ஆளுங்கன்னாலே..." என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். "கால்ல சக்கரமா கட்டியிருக்கே? ஒரு இடத்துல உக்காருடி," என்கிறாள் அம்மா.

நான்கு வருடம் கழித்து, போன வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது:

"அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பிச்சிருக்கேன். போன தடவை ஏன் பேசலைன்னு கேக்குறாங்க. நான் பேச இடம் கேட்டேன், கொடுக்கலைன்னு வகுப்புல இருந்த ஒருத்தர் எழுதித் தரணுமாம். தச்சர் ஞாபகம் இல்லைன்னுட்டார். நீ எழுதுவியா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்."