புதுசைப் பழசாக்கிய மதினி

மதினியின் கண்ணாடி எங்கள் அறைக்கு வந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது வெளிச்சம்தான். தாராவியில் எங்கள் சந்தில் மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சந்துக்குள் அண்ணனும் அவன் நண்பனும் இடுப்புயரக் கண்ணாடி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுற்றிலும் கையகல மரச்சட்டம். அதில் மயில், கொடி, திராட்சைக் குலை என்று செதுக்கி, இடமே விடாமல் பொன்னிறம் அடித்திருந்தது. எங்கிருந்தோ விழுந்த ஒரு கீற்று வெயில் அதில் பட்டு இரண்டு பக்கச் சுவர்களிலும் மஞ்சளாக ஓடியது. பக்கத்து அறை மராத்திக்காரச் சித்தி, எங்களுக்கு மாவுஷி, எட்டிப் பார்த்து, நிஜத் தங்கமா என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தார்.

மதினி என் அண்ணன் மனைவி. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் என்பதால் எங்களுக்குள் மரியாதை எல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. அவளுடைய அப்பா, மகள் பம்பாயில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று, பளபளக்கும் பொருளாகத் தேடித்தேடிச் சீர் அனுப்பியிருந்தார். எங்கள் அறையோ ஒற்றை அறை. மேலே மச்சு, அதற்கு ஒரு இரும்பு ஏணி. எத்தனையோ மழைக்காலம் குடித்த பச்சைச் சுவர். அதில் அந்தக் கண்ணாடி, கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில் விலாசம் தவறி எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி நின்றது. அம்மா அதற்கு ஒரு பாலிதீன் உறை போட்டாள். "அவ அப்பா குடுத்த சீருட்டி. ஒரு கீறல் விழுந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாவ?" முகம் பார்க்க நாங்கள் பழையபடி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த துண்டுக் கண்ணாடியையே பார்த்தோம்.

உறை போட்டது கண்ணாடிக்கு மட்டும்தானா என்று இப்போது தோன்றுகிறது. மதினியையும் அம்மா அப்படித்தான் வைத்திருந்தாள். மீன் கழுவக் கூடாது, கை நாறும். தண்ணீர் பிடிக்கப் போகக் கூடாது, சந்தில் வழுக்கும். எல்லாம் அன்புதான். ஆனால் விருந்தாளிக்குக் காட்டுகிற அன்பு. மதினியும் விருந்தாளி மாதிரியேதான் பேசினாள். "ஏட்டி, உங்க வீட்டுல கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்பாள். மாதங்கள் ஓடியும் அந்த 'உங்க' மாறவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து யார் வந்தாலும் பார்வை முதலில் கண்ணாடிக்குப் போகும், பிறகு அவளுக்கு வரும். இரண்டையும் பார்த்து ஒரே மாதிரி தலையாட்டுவார்கள்.

எனக்கு அப்போது பழசு என்றால் பைத்தியம். மாட்டுங்காவில் கல்லூரி, போகவர ரயிலில் கைபேசியில் பார்ப்பதெல்லாம் அந்த வீடியோக்கள்தான். கடையில் வாங்கிய பளபளப்பான சட்டத்தை, ஜாடியை, தட்டை எடுத்து, எங்கோ பழைய பங்களாவில் கண்டெடுத்தது போல ஆக்கிவிடுவார்கள். எதையாவது தேய்க்காமல் என் கை சும்மா இருக்காது. அம்மாவின் புது டப்பா ஒன்றைத் துருப்பிடித்தது போல ஆக்கி, அவள் அதைக் குப்பையில் போட்டு, நான் போய்ப் பொறுக்கி வந்த கதையெல்லாம் உண்டு.

அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மதினி அந்த பாலிதீனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இங்க எல்லாமே பழசு. நானும் இந்தக் கண்ணாடியும்தான் புதுசு."

"மைனி, பழசாக்கிருவமா?"

"யார, என்னையா?"

"கண்ணாடிய!"

"சரி, மொதல்ல அதப் பழசாக்கு. நல்லா வந்தா பொறவு என்னையும் பாப்போம்."

உறையைக் கிழித்தவள் அவள்தான். சட்டத்தின் மூலைகளிலும் மயிலின் கொண்டையிலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தோம். அதற்கு மேல் பெயிண்டில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். வீடியோக்களில் எல்லாரும் வெள்ளைதான் பூசுவார்கள். நானும் வெள்ளை என்றேன். மதினி கேட்கவில்லை. சுவரைக் காட்டினாள். "அந்தப் பச்ச." சுவருக்கு அடித்து மிச்சமிருந்த டப்பா மச்சில் கிடந்தது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தபோது, மெழுகு பட்ட இடங்களில் மட்டும் பச்சை உதிர்ந்து, அடியிலிருந்து பொன் மெதுவாக எட்டிப் பார்த்தது. கடைசியாகப் பக்கத்துத் தோல் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த காப்பி நிற பாலிஷைத் துணியில் தொட்டுச் செதுக்கல்களின் பள்ளத்தில் ஏற்றினோம். சாயங்காலம் சுவரில் சாய்த்தபோது, அறை கட்டிய நாளிலிருந்து அது அங்கேயே இருந்த மாதிரி இருந்தது. மதினி அதில் முகம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அம்மா வந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடப் பாவிமக்கா, சீரப் போயா?" இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அதன் முன் நின்று தலை சீவினாள். பிறகு சாவிக்கொத்தை மயிலின் கழுத்தில் மாட்ட ஆரம்பித்தாள். அந்த வாரமே, "சும்மாதான இருக்க, போய் மீன் வாங்கிட்டு வா" என்று மதினியிடம் பையைக் கொடுத்தாள். எங்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சீரில் வந்த பொன்னிற யானை ஜோடியைக் கீழே இறக்கினோம்.

ஒரு யானை முடிந்திருந்தது; அதற்குப் பச்சை பூசவில்லை, பொன்னைத் தேய்த்து உதிர்த்ததோடு சரி. அடுத்ததைத் தொடுவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் மதினியின் அப்பா ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். மகளைப் பார்க்க ஆசை, வேறொன்றுமில்லை. மதினி மீனுக்குப் போயிருந்தாள். வந்த மாமா உட்காரக்கூட இல்லை. கண்ணாடியின் முன் நின்று சட்டத்தைக் கட்டைவிரலால் தடவினார். உதிர்ந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார். மயில் கழுத்தில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். அம்மா டீ போடத் திரும்பியதும் என் பக்கம் குனிந்து கேட்டார்: "தாயி, மறைக்காமச் சொல்லு. எம் பிள்ளைய இங்க எப்பிடி வச்சிருக்காவ?"

நான் கடகடவென்று மெழுகுவர்த்தி, சாக்பீஸ், வீடியோ என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. கொடுத்த பொருளுக்கே இந்தக் கதி என்றால் கொடுத்த பெண்ணுக்கு எந்தக் கதியோ என்றுதான் அவர் மனசு ஓடியது. டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளைய ரெண்டு மாசம் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்." அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. புதுசாகக் கல்யாணமான பெண்ணை அப்பா வந்து திடீரென்று கூட்டிப் போனால், அங்கேயும் இங்கேயும் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒருத்தி திரும்பி வந்தாலும் பழையபடி இருக்க முடியாது.

மீன் பையோடு மதினி வந்தாள். அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தினாள். விஷயம் தெரிந்ததும் அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

"எப்பா, நானும் இவளும்தாம்ப்பா தேய்ச்சோம்."

"யாருக்குப் பயந்துட்டு இப்பிடிச் சொல்லுத?"

"பயமா? நல்லாயிருக்கே!"

"புதுசா வாங்கிக் குடுத்தத எவளாவது தேய்ச்சுப் பழசாக்குவாளா? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

மதினி சிரிப்பை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்கு இந்த நெறந்தாம்ப்பா சேரும்."

எங்க வீடு. பம்பாயில் வளர்ந்த எங்களுக்கு ஹிந்தியில் எல்லாமே 'ஹமாரா'தான். எதிரில் நிற்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று அந்தச் சொல் கவலைப்படாது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. 'நம்ம' என்றால் அப்பாவும் உள்ளே. 'எங்க' என்றால் அப்பா வெளியே. மதினி யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாமா ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "என்ன மீனு?"

"பாங்டா, அண்ணாச்சி," என்றாள் அம்மா, அவசர அவசரமாக. "நம்ம ஊரு அயிலதான்."

இப்போது நான் செம்பூரில் வார இறுதிகளில் இதையே வகுப்பாக எடுக்கிறேன். வருகிறவர்கள் புது வீட்டுக்குப் பழைய முகம் தேடி வருகிறார்கள். அண்ணனும் மதினியும் சான்பாடாவில், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் தரை போட்ட வீட்டில் இருக்கிறார்கள். அங்கே அந்தக் கண்ணாடியும் யானைகளும்தான் பழசு; விலாசம் தவறி வந்தது இப்போது தரைதான் என்று தோன்றும். எல்லாரும் கண்ணாடியைப் புகழ்வார்கள். என் கண் யானைகளுக்குத்தான் போகும். இரண்டில் எது எங்கள் கை, எது வேறு கை என்று வெளியாட்கள் யாருக்கும் தெரியாது.

மீன் தின்ற மறுநாள் காலையில் மச்சிலிருந்து இறங்கி வந்தபோது, மாமா வாசல் வெளிச்சத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில், நாங்கள் தொடாமல் விட்ட யானை. கையில் என் உப்புத்தாள். முதலில் வெளியே தெரியாத வயிற்றுப் பக்கம் லேசாகத் தேய்த்து, பொன் உதிர்வதைப் பார்த்து, சற்று நிறுத்தினார். பிறகு முதுகுக்கு வந்தார். மதினி டீ டம்ளரோடு எதிரே வந்து குந்தினாள்.

"ஜோடின்னா ரெண்டும் ஒண்ணுபோல இருக்க வேண்டாமா?" என்றார் அவர், தலை நிமிராமல். அப்புறம், "இவ்வளவு போதுமாட்டி?"

மதினி யானையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்ப அவர் மடியில் வைத்தாள். "காதுகிட்ட இன்னும் கொஞ்சம், எப்பா."

அவர் தூளை ஊதிவிட்டு, காதைத் தேய்க்க ஆரம்பித்தார்.